போர்வை மடித்துவிட்டால்

நான் பயந்த சுபாவக்காரன். மீசை முளைக்கும் முன்பே மேடையில் உட்கார்ந்து, மடியில் கிடத்தி மீட்டும் ஸ்டீல் கிட்டார் வாசிக்க ஆரம்பித்தவன்தான், ஆனாலும் முதல் பாட்டுக்கு முன்னால் பயப்படாத சனிக்கிழமை எனக்கு வாய்த்ததே இல்லை. என் மனைவி லில்லி இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். அவளுடைய அக்கா வெர்லீன் சிரிக்க மாட்டாள். "டெல்பர்ட் பயப்படுறான்னா அங்க ஏதோ விஷயம் இருக்குன்னு அர்த்தம்" என்பாள். அது பாராட்டா குத்தலா என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

இந்த வெர்லீனைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். முழுப் பெயர் வெர்லீன் குபேனா. பகலில் முட்டைக் கிடங்கில் வேலை. ஒவ்வொரு முட்டையையும் விளக்குக்கு முன்னால் பிடித்து, உள்ளே ரத்தப் புள்ளி இருக்கிறதா என்று பார்த்து ஒதுக்க வேண்டும்; அதற்காக நாள் முழுக்க இருட்டறையில் நிற்க வேண்டும். கணவன் எமில் டிராக்டர் கவிழ்ந்து இறந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. பிள்ளை கிடையாது. ஆனால் வாரக் கடைசியில் கிட்டாரைத் தூக்கிக்கொண்டு எங்களோடு கிளம்பினால் அவள் வேறு ஆள். நவிடாட் ஆற்றுக்கு இந்தப் பக்கம் எந்தக் கல்யாணம், எந்த அறுவடை விருந்து என்றாலும் அவள்தான் பாட வேண்டும். மோராவெக் நடன ஹாலில் மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை அவளுடையது. அந்த ஹாலில்தான் அவளுடைய அப்பா அம்மா கல்யாணம் நடந்தது, அவளுடைய கல்யாணம் நடந்தது, எமிலைப் புதைத்துவிட்டு வந்து எல்லோரும் சாப்பிட்டதும் அங்கேதான்.

அவள் குரல் மெல்லியது. மெதுவான வால்ட்ஸ் ஆட்டப்பாட்டு பாடினால், கட்டிப்பிடித்து ஆடுகிறவர்களின் காதருகே வந்து சொல்வது போல் இருக்கும். எங்கள் டிரம்காரன் எர்வின் டிரம்மைக் குச்சியால் அடிக்க மாட்டான், கம்பித் தூரிகையால் தடவுவான். நான் ஸ்டீல் கிட்டாரைக் கொஞ்சம் அழவிடுவேன். அவ்வளவுதான் எங்கள் குழு. அதற்கு மேல் சத்தம் தேவைப்பட்டதில்லை, தேவைப்பட்டாலும் கொடுக்க முடியாது. ஏனென்றால் மூலையில் போர்வைகள் இருந்தன.

எங்கள் ஹாலுக்கு ஆட வருகிற யாரும் பிள்ளையை வீட்டில் விட்டுவிட்டு வருவதில்லை. மேடைக்கு இடதுபக்க மூலையில் பெஞ்சுகளைத் திருப்பிப் போட்டு, ஒட்டுத்துணி தைத்த கனத்த போர்வைகளைத் தரையில் விரித்து, குழந்தைகளை வரிசையாகக் கிடத்திவிட்டு அம்மாக்கள் ஆடப் போவார்கள். நானும் அந்த மூலையில் தூங்கி வளர்ந்தவன், வெர்லீனும்தான். வந்திருக்கும் குழு தேறுமா தேறாதா என்று அந்த மூலைதான் தீர்ப்புச் சொல்லும். பிள்ளைகள் அசந்து தூங்கினால் ஆட்டம் நடக்கும். முழித்துக்கொண்டு அழுதால் அம்மாக்கள் போர்வையை மடிப்பார்கள், அப்பாக்கள் வண்டியைக் கிளப்புவார்கள், கொஞ்ச நேரத்தில் ஹால் காலி. அந்தக் குழுவை மறுபடி யாரும் கூப்பிட மாட்டார்கள். எங்கள் பக்கத்துப் பாட்டுக்காரர்கள் ஒருவனைப் பற்றி 'அவனுக்குப் போர்வையை மடிச்சிட்டாங்க' என்று சொன்னால் அவன் கதை முடிந்தது என்று பொருள்.

எழுபத்து மூன்றாம் வருஷ ஆரம்பத்தில் வெர்லீனின் கழுத்தில் கட்டி ஒன்று கிளம்பியது. ஹூஸ்டனுக்குக் கூட்டிப் போனோம். தைராய்டு, அறுத்து எடுக்க வேண்டும் என்றார்கள். குரல் நரம்பு பக்கத்திலேயே ஓடுகிறது, அது பட்டுப்போகலாம் என்றும் முன்கூட்டியே சொன்னார்கள். வேறு வழியில்லை. எடுத்தார்கள். பட்டுப்போனது.

அவள் வாயைத் திறந்தால் காற்று வந்தது. சில வாரங்கள் கழித்து காற்றோடு கொஞ்சம் கரகரப்பும் வந்தது. 'சரியாகிவிடும்' என்று காத்திருந்தோம். ஊரில் கேட்டவர்களுக்கெல்லாம் லில்லி, "தொண்டை ஆறிக்கிட்டிருக்கு, பேசக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்கார்" என்று ஒரே பதிலைச் சொல்லிவந்தாள். ஹால் கமிட்டிக்கும் அதுவேதான். ஆறவில்லை. ஒரு மாலை வெர்லீன் எங்கள் சமையலறையில் உட்கார்ந்து பழைய வால்ட்ஸ் ஒன்றைப் பாடிப் பார்த்தாள். முதல் வரி பாதியில் குரல் பொத்தென்று விழுந்தது. மறுபடி ஆரம்பித்தாள், மறுபடி விழுந்தது. லில்லி பாத்திரம் கழுவுவதை நிறுத்தாமல் முதுகைக் காட்டிக்கொண்டே அழுதாள். வெர்லீன் கிட்டாரைக் கீழே வைத்துவிட்டு, காற்றுக் குரலில் என்னிடம் சொன்னாள்:

"பாடலேன்னா நான் முட்டை பாக்கிறவ மட்டும்தான் டெல்பர்ட்."

நான் இன்னொரு கப் காப்பி ஊற்றிக் கொடுத்தேன்.

அடுத்த விஷயம் நடந்தது ஜூன் மாதத்தில். வைக்கோல் ஏற்றிய டிரெய்லரை வண்டியில் கோத்து அவளுடைய கொட்டகைக்குள் பின்னால் தள்ளிக்கொண்டிருந்தேன். அவள் பின்புறம் நின்று கையால் வழி காட்டினாள். கண்ணாடியில் அவள் கை தெரிந்தது, பிறகு தெரியவில்லை. சுவரோரமாக நகர்ந்திருக்கிறாள். நான் அது தெரியாமல் பின்னால் தள்ளிக்கொண்டே போனேன்.

"நிறுத்து டெல்பர்ட்."

பிரேக்கில் ஏறி நின்றேன். அப்படி ஒரு குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை. ஆண் குரலா பெண் குரலா என்றே புரியவில்லை. கிழிந்திருந்தது, ஆனால் இரும்பு மாதிரி உறுதியாக இருந்தது. ஓடிப்போய்ப் பார்த்தேன். சக்கரம் அவள் செருப்பு நுனியைத் தொட்டுக்கொண்டிருந்தது. அவளுக்கோ சக்கரமே நினைவில் இல்லை.

"கேட்டியா?" என்றாள், பழைய காற்றுக் குரலில்.

"உன் கால் போயிருக்கும் வெர்லீன்."

"அது கிடக்கட்டும். குரல் உடையாம நின்னுச்சே, கேட்டியா?"

அன்று முழுக்க அவள் கொட்டகைக்குள் நின்று கத்திக்கொண்டிருந்தாள். விஷயம் இதுதான்: மெதுவாகப் பாடினால் குரல் உடைகிறது, அடிவயிற்றிலிருந்து கத்தினால் உடையாமல் நிற்கிறது. கரகரத்து, கிழிந்து, ஆனால் நிற்கிறது. சுருதியும் தப்பவில்லை. அவள் அதைக் கண்டுபிடித்த சந்தோஷத்தில் இருந்தாள். நான் அதே நேரத்தில் டாக்டர் சொன்னதை நினைத்துக்கொண்டிருந்தேன். தொண்டையை வருத்தாதே, மிச்சம் இருப்பதும் போய்விடும் என்று சொல்லித்தான் அனுப்பியிருந்தார்.

கத்துகிற குரலுக்குப் பின்னால் தூரிகை தடவினால் எடுபடாது. ஹூஸ்டனுக்குப் போய் அவள் பழைய மரக் கிட்டாரைக் கொடுத்துவிட்டு, கறுப்பு எலெக்ட்ரிக் கிட்டார் ஒன்றும் ராக் பையன்கள் வைத்துக்கொண்டு அலறுகிற ஆள் உயர ஆம்ப்ளிஃபயர் பெட்டிகள் இரண்டும் வாங்கிவந்தாள். எர்வினின் தூரிகைகளைப் பிடுங்கி டிராயரில் போட்டுப் பூட்டினாள். எர்வின் அவள் கையில் வளர்ந்தவன் மாதிரி, மறுபேச்சுப் பேசாமல் குச்சியை எடுத்துக்கொண்டான். என்னிடம் வந்தாள்.

"உன் ஸ்டீல் கிட்டார் அழுதது போதும். இனிமே அது சண்டை போடணும்."

"எனக்குச் சண்டை போடத் தெரியாதே வெர்லீன்."

"தெரியும். லில்லிகிட்டக் கேட்டேன்."

கொட்டகையில் ஒத்திகை தொடங்கினோம். முதல் நாள் அவள் அந்தப் பெட்டியைப் போட்டுத் தந்தியை ஒரு இழுப்பு இழுத்தபோது கூரைத் தகரத்திலிருந்து துரு கொட்டியது. தாளம் பழையதுதான், ஆடுகிறவன் கால் எங்கே விழ வேண்டுமோ அங்கேதான் விழுந்தது. அதில் அவள் கறாராக இருந்தாள். ஆனால் மேலே இருந்ததெல்லாம் இடி. அந்த இடிக்கு மேலே ஏறி நின்று அவள் குரல் பாடியது. கேட்க நன்றாக இருந்ததா என்றால், இருந்தது, மயிர்க்கூச்செறிந்தது. ஒவ்வொரு பாட்டு முடிந்ததும் அவள் கழுத்தைப் பிடித்துக்கொண்டு திரும்பி நின்று தண்ணீர் குடிப்பாள். இன்றைக்கு வந்தது நாளைக்கு வருமா என்று நான் அவள் முதுகைப் பார்த்துக்கொண்டே இருப்பேன்.

ஊர் சும்மா இருக்குமா? பக்கத்துப் பண்ணைக்காரர் தீவனக் கடையில் என்னை நிறுத்திக் கேட்டார்: "என்னப்பா, உங்க கொட்டகையில என்ன, ரயிலு விடுறீங்களா? எங்க கோழியெல்லாம் முட்டைய உள்ளயே வெச்சுக்கிட்டு நிக்குது." கடையே சிரித்தது. இன்னொருவர், "வெர்லீனுக்குத் தலைமுடிய நீளமா வளர்த்த ராக் பையன் எவனாவது கிடைச்சிட்டானா?" என்றார். வயசான காலத்தில் புத்தி மாறிவிட்டது, தலைக்கனம் ஏறிவிட்டது, எங்கள் பாட்டு அவளுக்குப் போதவில்லை என்று ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். உண்மையைச் சொல்லி அவர்கள் வாயை அடைக்கலாம் என்றேன். வெர்லீன் கூடாது என்றாள்.

"பாவம்னு உட்கார்ந்து கேப்பாங்க. பாவம் பாத்து ஒரு பாட்டுக்குக் கைதட்டுவாங்க. அதுக்கப்புறம் அனுப்பி வெச்சிடுவாங்க. எனக்கு அவங்க ஆடணும்."

அக்டோபர் கடைசியில் மிஸ்டர் ஆல்வின் கொட்டகைக்கே வந்துவிட்டார். ஹால் கமிட்டித் தலைவர், ஆல்வின் மாஹாசெக். கையில் புகைபோட்ட தொத்திறைச்சிப் பொட்டலம். அவர் நல்ல சேதி கொண்டுவரும்போது வெறுங்கையோடு வருவார், கெட்ட சேதிக்குத்தான் சாப்பாடு கொண்டுவருவார். அதைப் பார்த்ததுமே எனக்குச் சேதி புரிந்தது.

அவர் அந்தப் பெட்டிகளைச் சுற்றி வந்து, மாட்டைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு உட்கார்ந்தார்.

"வெர்லீன், பாட்டு உன் இஷ்டம். போர்வை என் பொறுப்பு. நவம்பர் ஆட்டத்துக்கு நீ வரணும்னு எல்லாரும் கேக்குறாங்க. இத்தனை மாசம் உனக்காகக் காத்திருந்தோம். ஆனா இந்தப் பெட்டியோட வர்றதுன்னா யோசிச்சுக்கோ. பிள்ளைங்க முழிச்சு அழுதா அவங்க போர்வைய மடிப்பாங்க. மடிச்சா நான் உன்னைத் திரும்பக் கூப்பிட முடியாது. உங்கப்பா அந்த ஹாலுக்கு ஆணி அடிச்சவர். அதுக்காகக்கூட முடியாது."

வெர்லீன் தலையாட்டினாள். அவள் பேசினால் குரல் போனது தெரிந்துவிடும் என்பதால் நான் பதில் சொன்னேன். "பாத்துக்கிறோம் மிஸ்டர் ஆல்வின்."

"நீ என்னத்தப் பாத்துக்குவே? உனக்கு இப்பவே கை நடுங்குது."

நவம்பர் இரண்டாவது சனிக்கிழமை அந்த வருஷத்தின் முதல் வடகாற்று அடித்தது. மதியம் சட்டையோடு நின்றவர்கள் மாலையில் கம்பளிக் கோட்டு தேடினார்கள். ஹாலின் ஜன்னல் பலகைகளை எல்லாம் இறக்கித் தாழ்ப்பாள் போட்டுவிட்டார்கள், வெளிச்சம் புகுகிற சந்துகூட இல்லை. கூட்டம் நெருக்கியது. பீர் கவுண்டரின் ஐஸ் பெட்டி ஒரு பக்கம் உறுமிக்கொண்டிருந்தது. அம்மாக்கள் வழக்கம்போல் மேடையின் இடதுபக்க மூலையில் போர்வைகளை விரித்தார்கள். லில்லி எங்கள் மகள் டீனாவை அங்கே கிடத்தி, ஷூவைக் கழற்றி, என்னைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போனாள். டீனாவுக்கு அப்போதுதான் இரண்டு வயது முடிந்திருந்தது. அவள் கால் நான் உட்கார்ந்த இடத்திலிருந்து கை நீட்டினால் எட்டுகிற தூரம்.

வெர்லீன் கழுத்தில் சிவப்புத் துணி சுற்றியிருந்தாள். தழும்பு தெரியக் கூடாது. மைக்கில் வணக்கம் சொல்வதும் நான்தான் என்று பேசி வைத்திருந்தோம். சொன்னேன். பிறகு எர்வின் குச்சியைத் தட்டினான்.

முதல் இழுப்பிலேயே ஹால் முழுவதும் ஒரு அடி பின்வாங்கியது. ஜன்னல் பலகைகள் அதிர்ந்தன. யாரும் ஆடவில்லை. வாயைத் திறந்துகொண்டு நின்றார்கள். மூலையில் ஒரு குழந்தை அழுதது, அதைத் தொடர்ந்து இன்னொன்று, பிறகு எல்லாம். டீனாவும் எழுந்து உட்கார்ந்து காதைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்து அழுதாள். ஒரு அம்மா குனிந்து போர்வையின் முனையைப் பிடித்து மடிக்கத் தொடங்கினாள். நான் வாசித்துக்கொண்டே அதைப் பார்த்தேன். வெர்லீனும் பார்த்தாள். அவள் பாடுவதை நிறுத்தவில்லை, ஆனால் முகம் சாம்பல் பூத்துவிட்டது.

முதல் பாட்டு முடிந்ததும் மிஸ்டர் ஆல்வின் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடிவந்தார். அடித்துத் துரத்தப்போகிறார் என்று நினைத்தேன். அவர் அம்மாக்களிடம் திரும்பினார்.

"மடிக்காதீங்கம்மா, மடிக்காதீங்க. இவ்வளவு நாள் கழிச்சு வந்திருக்கா. பிள்ளைங்கள அந்தப் பக்கம் கொண்டுபோங்க. கதவுகிட்டப் போட்டா இந்தப் பெட்டிக்குத் தூரம். இன்னும் ஒரு நாலு பாட்டு பாப்போம்."

முணுமுணுத்துக்கொண்டே தூக்கினார்கள். ஹாலின் மறுகோடியில், பெரிய வாசல் கதவுக்கு முன்னால், நடைவழியிலேயே போர்வைகளை விரித்தார்கள். அந்த ஹால் கட்டிய நாளிலிருந்து பிள்ளைகள் அங்கே படுத்ததில்லை. டீனா இப்போது என் கண்ணுக்கு ஒரு சின்ன மூட்டையாகத் தெரிந்தாள். எனக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் எனக்கு எதுதான் பிடித்தது?

இரண்டாவது பாட்டில் ஒரு கிழவரும் அவர் மனைவியும் ஆடும் தளத்தில் இறங்கினார்கள். அவர்கள் காலுக்குத் தாளம் பிடிபட்டுவிட்டது. அவர்களைப் பார்த்து இன்னொரு ஜோடி. மூன்றாவது பாட்டில் வட்டம் சுற்ற ஆரம்பித்தது. நான்காவதில் தளம் நிறைந்துவிட்டது. மறுகோடியில் பிள்ளைகள் அழுது ஓய்ந்து தூங்கிவிட்டார்கள். வெர்லீன் என்னைத் திரும்பிப் பார்த்தாள். கண்ணில் ஈரம். எனக்கும் முதன்முறையாக மூச்சு சீராக வந்தது. ஐந்தாவது பாட்டுக்கு அவள் இரண்டாவது பெட்டியையும் போட்டாள்.

டப்பென்று ஒரு சத்தம். எல்லாம் போனது.

விளக்கு, மைக், பெட்டிகள், ஐஸ் பெட்டியின் உறுமல், ஒன்றும் இல்லை. ஃப்யூஸ் போய்விட்டது. பலகைகள் எல்லாம் மூடியிருந்ததால் என் கையே எனக்குத் தெரியவில்லை. ஒரு கணம் ஒரே அமைதி. அந்த அமைதியில்தான் பிள்ளைகள் முழித்தார்கள். இவ்வளவு நேரம் இடியில் தூங்கியவர்கள், இடி நின்றதும் எழுந்து ஒரே நேரத்தில் அலறினார்கள். அந்த மர ஹாலில் அழுகை எந்தத் திசையிலிருந்து வருகிறதென்று சொல்ல முடியாது, சுவரெல்லாம் அழுதது.

அதன்பிறகு கால்கள். இருட்டில் கூட்டம் நகர்கிற சத்தம் எனக்குக் கேட்டது. அம்மாக்கள் பிள்ளையின் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டு ஓடினார்கள். எங்கே? பழக்கதோஷம், மேடையின் இடது மூலைக்கு. பெஞ்சில் மோதி விழுகிற சத்தம் எனக்குப் பக்கத்திலேயே கேட்டது. "டீனா, டீனா" என்று லில்லியின் குரலும் அந்தக் கூட்டத்தில் இருந்தது. ஆண்கள் கத்தினார்கள்: "ஃப்யூஸு வெளிய இருக்கு, கதவத் தெற, கதவத் தெற." ஹால் முழுக்க இருந்த பூட்ஸ் கால்கள் கதவை நோக்கித் திரும்பின. கதவுக்கு முன்னால் தரையில் என்ன கிடக்கிறது என்று ஒருவருக்கும் அந்த நேரத்தில் நினைவு இல்லை. எனக்கு நினைவு இருந்தது. நான் வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், ஒரு முனகல்கூட வரவில்லை.

"நில்லுங்க."

கொட்டகையில் கேட்ட அதே குரல். மைக் இல்லை, பெட்டி இல்லை, வெறும் தொண்டை. ஹாலின் மறுகோடிவரை போய்ச் சுவரில் மோதியது.

"எல்லாரும் நின்ன இடத்துல நில்லுங்க. காலத் தூக்காதீங்க. பிள்ளைங்க கதவுகிட்டப் படுத்திருக்கு. கதவுகிட்ட."

கால்கள் நின்றன. அத்தனையும். பிள்ளைகளின் அழுகை மட்டும். பிறகு மறுபடி அவள் குரல். இரண்டாவது வார்த்தையிலேயே அது உடைவது எனக்குக் கேட்டது. அவள் அதைப் பிடித்து, இழுத்து, மேலே ஏற்றினாள்.

"மிஸ்டர் ஆல்வின், எங்க நிக்கிறீங்க?"

"கதவுகிட்டம்மா." அவருடைய குரல் நடுங்கியது. "ஏதோ மெத்துன்னு இருக்கு காலுக்குக் கீழ."

"அசையாதீங்க. லைட்டர் வெச்சிருக்கிறவங்க மட்டும் கையத் தூக்கிக் கொளுத்துங்க. மத்தவங்க நில்லுங்க. லில்லி, அழாத. டீனா அந்தப் பக்கம்தான், நான் பாத்தேன்."

சிகரெட் லைட்டர்கள் ஒன்றொன்றாகப் பற்றின. ஒரு மூலையில் ஒன்று, நடுவில் ஒன்று. அந்த மங்கல் வெளிச்சத்தில் ஆண்களும் பெண்களும் பாதி அடி எடுத்துவைத்த நிலையில் அப்படியே நின்றிருந்தார்கள். மறுகோடியில் மிஸ்டர் ஆல்வின் ஒரு காலைத் தூக்கியபடி, இன்னொரு ஆளின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவருடைய தூக்கிய பூட்ஸுக்கு நேர் கீழே என் மகள் குப்புறக் கிடந்து அழுதுகொண்டிருந்தாள். கீழே ஊன்றியிருந்த இன்னொரு பூட்ஸ் போர்வையின் மேல். அதற்கும் அவள் விரல்களுக்கும் நடுவே ஒரு பட்டன் வைக்கிற இடம்தான் இருந்தது.

நான் எப்படி மேடையிலிருந்து இறங்கினேன் என்று நினைவில்லை. நடந்தேன், ஓடவில்லை. நான் ஓடினால் கூட்டமும் கூட ஓடும். டீனாவைத் தூக்கிக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். லில்லி வந்து எங்கள் இருவரையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். ஒரு குழந்தைக்கும் கீறல்கூட இல்லை.

யாரோ வெளியே போய் ஃப்யூஸ் மாற்றினார்கள். விளக்கு வந்தது. எல்லோரும் மேடையைப் பார்த்தார்கள். வெர்லீன் தனியாக நின்றிருந்தாள். கழுத்துத் துணி நழுவித் தோளில் கிடந்தது, தழும்பு குறுக்கே செக்கச் சிவந்து தெரிந்தது. இத்தனை மாதம் ஒளித்து வைத்த குரலை ஊர் முழுக்கக் கேட்டாகிவிட்டது. அவள் கை தானாகக் கழுத்துக்குப் போய், பாதியில் நின்று, கீழே இறங்கியது.

மிஸ்டர் ஆல்வின் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு மேடை அருகே வந்தார்.

"உன் குரலுக்கு என்னம்மா ஆச்சு?"

"கட்டிய எடுக்கும்போது நரம்பு போயிடுச்சு மிஸ்டர் ஆல்வின்." இப்போது காற்றுக் குரல்தான் வந்தது, ஆனால் அந்த அமைதியில் எல்லோருக்கும் கேட்டது. "மெதுவாப் பாடினா வரல. கத்தினா வருது. அதனாலதான் இந்தப் பெட்டி. ஃப்யூஸ் போனதும் இதனாலதான். தப்பு என்னுதுதான்."

அவர் தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அப்போது அம்மாக்கள் போர்வைகளை மடிக்கத் தொடங்கினார்கள். ஒருத்தி, அவளைப் பார்த்து இன்னொருத்தி, பிறகு எல்லோரும். நான் தரையில் உட்கார்ந்தபடி அதைப் பார்த்தேன். அழுகிற பிள்ளை இடுப்பில், மடித்த போர்வை கக்கத்தில். வெர்லீன் கதை முடிந்தது என்று நினைத்தேன். நியாயம்தான் என்றும் தோன்றியது. நானே இன்னும் டீனாவைக் கீழே விடவில்லை. வெர்லீன் கிட்டார் வாரைத் தோளிலிருந்து கழற்றினாள். எர்வின் குச்சிகளைக் கீழே வைத்தான்.

ஆனால் யாரும் கதவுப் பக்கம் திரும்பவில்லை. கதவு அவர்களுக்குப் பின்னால் இருந்தது. அவர்கள் தளத்தின் குறுக்கே நடந்துவந்தார்கள். முதலில் போர்வையை மடித்தவள், முன்பு அழுகை கேட்டதும் மடிக்கக் குனிந்தாளே அவள்தான், மேடையின் இடது மூலைக்கு வந்து, கவிழ்ந்து கிடந்த பெஞ்சை நிமிர்த்தி வைத்து, அந்தப் பெரிய பெட்டிக்குப் பக்கத்திலேயே போர்வையை உதறி விரித்தாள். பிள்ளையைக் கிடத்தினாள். நிமிர்ந்து வெர்லீனைப் பார்த்தாள்.

"இங்கயே கிடக்கட்டும். உன் கண்ணு முன்னாடி."

மற்றவர்களும் விரித்தார்கள். லில்லி என் கையிலிருந்து டீனாவை வாங்கிக்கொண்டு போய் அவர்களோடு கிடத்தினாள். வெர்லீன் தலையை மட்டும் ஆட்டினாள்.

மிஸ்டர் ஆல்வின் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு பீர் கவுண்டருக்குப் போனார். குனிந்து ஐஸ் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கினார். ஹாலில் இருந்த ஆண்களெல்லாம் முனகினார்கள்.

"என்ன முனகல்? பீரு ஒரு மணி நேரம் சூடா இருந்தா யாரும் செத்துட மாட்டீங்க. இதுவும் அவ பெட்டி ரெண்டும் சேந்து இழுத்தா மறுபடி ஃப்யூஸ் போகும். பாடும்மா."

வெர்லீன் கிட்டார் வாரை மறுபடி மாட்டினாள். கழுத்துத் துணியை எடுத்து எர்வினிடம் கொடுத்தாள். நான் மேடையேறி என் இடத்தில் உட்கார்ந்தேன். அவள் தொண்டை அன்று இருட்டில் எவ்வளவு கிழிந்திருக்கும், இந்தப் பாட்டு வருமா, இதுதான் கடைசியா என்ற பயம் என் நெஞ்சில் அப்படியே இருந்தது. அவளுக்கும் இருந்தது, எச்சில் விழுங்கும்போது அவள் தழும்பு ஏறி இறங்குவதைப் பார்த்தேன். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள், என் கையைப் பார்த்தாள், நடுங்குவதைப் பார்த்து லேசாகச் சிரித்தாள்.

எர்வின் குச்சியைத் தட்டினான். பெட்டிகள் இரண்டும் இடித்தன. அவள் குரல் வந்தது. என் கைக்கெட்டும் தூரத்தில் டீனா ஒரு தரம் கண்ணைத் திறந்து, வெர்லீன் அங்கேதான் நிற்கிறாள் என்று பார்த்துவிட்டு, புரண்டு படுத்துத் தூங்கிப்போனாள்.